'பெண்களும் சேர்க்கப்பட்டனர்'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பல்கலைக்கழக வரலாறு என்று இரண்டு முழுப் பக்கம் வந்திருந்தது. அதில் பெண்களுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'நாளடைவில் பெண்களும் சேர்க்கப்பட்டனர்.'

அது நாளடைவில் தானாக நடந்ததா ஐயா? சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் 1875-இல் மேரி ஷார்லீப்பும் இன்னும் மூன்று பெண்களும் நுழைந்ததும், எதிர்ப்புகளுக்கு நடுவே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படித்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கியதும் தாங்கள் அறியாதவை அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகம் 1883-லேயே இரண்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948-இல், நமக்குச் சுதந்திரம் வந்த பிறகு! எல்லா இடத்திலும் யாரோ ஒருத்தி வாசலில் நின்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறாள்.

நான் 1977-இல் முதுகலை சேர்ந்தேன். வகுப்பு நாலரைக்கு முடியும். ரெஃபரன்ஸ் புத்தகங்களை நூலகத்துக்கு வெளியே தரமாட்டார்கள். ஆண்கள் இரவு எட்டு வரை உட்கார்ந்து படிக்கலாம். நாங்கள் ஆறு மணிக்கு விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் பக்கம் பக்கமாக லாங் சைஸ் நோட்டில் எழுதி எடுப்பேன். நடுவிரலில் அன்று விழுந்த காய்ப்பு இன்னும் போகவில்லை. முடித்து வெளியே வந்தபோது தந்த நன்னடத்தைச் சான்றிதழில் 'ஹிஸ்' என்று அச்சாகியிருந்ததை நீல மையால் அடித்து, மேலே 'ஹெர்' என்று எழுதியிருந்தார்கள். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்த அடித்தலையும் சேர்த்தே நீட்டினேன்.

போன ஆண்டு சுதந்திர தின மலரிலும் இப்படித்தான். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் போராடிச் சிறை சென்ற நம்மூர் அஞ்சலையம்மாள் பெயரே இல்லை. அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை.

இணைப்பில் போட்ட 1979 குழுப் புகைப்படத்தில், நிற்கிற ஆண்கள் அத்தனை பேருக்கும் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து 'மாணவியர்' என்று ஒரே சொல். இடமிருந்து மூன்றாவது நான்.

வரும் ஞாயிறு அந்த ஆறு பெயர்களையும் வெளியிடுங்கள். என்னிடமுள்ள பிரதியின் பின்புறம் எல்லோர் பெயரையும் அப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அறுவரில் இருவர் இன்று இல்லை. மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். எழுத்துப்பிழை இல்லாமல் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.