அந்தக் கொப்பியும் அரச ஆவணம்தான்

வன்னிப் பிரதேச செயலகங்களில் தகவல் அலுவலர்களாகக் கடமையாற்றும் அனைவருக்கும்,

வணக்கம். தன் காணியை அளந்த அலுவலர் எழுதிய கொப்பியில் ஒரு பக்கத்தின் பிரதியைத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் என் பெரியம்மா கேட்டிருந்தார். உங்களில் ஒருவர் அனுப்பிய பதில் போன கிழமை அவருக்குக் கிடைத்தது. அவர் கேட்டது அலுவலரின் சொந்தக் குறிப்பாம். அலுவலகக் கோவையில் அப்படியொரு ஆவணம் இல்லையாம்.

2009இல் யுத்தத்துக்குள் ஓடிய ஓட்டத்தில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீள்குடியேறிய பிறகு, 2013இல், ஓர் அலுவலர் பெரியம்மாவின் காணிக்கு வந்து நாடா பிடித்து அளந்தார். வடக்கே வாய்க்கால், கிழக்கே பாலைமரம், மேற்கே ஒழுங்கை என்று கொப்பியில் எழுதி, பெரியம்மாவிடமும் பக்கத்துக் காணிக்காரரிடமும் ஒப்பம் வாங்கினார். இன்று பக்கத்துக் காணிக்காரர் உயிரோடு இல்லை. பாலையையும் தறித்துவிட்டார்கள். எல்லைக்குச் சாட்சி அந்தக் கொப்பியின் ஒரு பக்கம்தான்.

அரச சம்பளத்தில், அரச வேலையாக வந்து, சனத்திடம் ஒப்பம் வாங்கி எழுதியது எப்படி ஒருவரின் சொந்தக் குறிப்பாகும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கடிதம், வரைபடம், புகைப்படம், மின்னஞ்சல், ஒலிப்பதிவு, கணினிப் பதிவு என்று அடுக்கிவிட்டு, எந்த வடிவில் பதிந்திருந்தாலும் தகவல்தான் என்கிறது. றப்பர் முத்திரை இருந்தால்தான் ஆவணம் என்று அதில் எங்கும் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த 2017இல் கையில் இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 வருடம் பேண வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியென்றால் 2027 வரை அந்தக் கொப்பிக்கு உங்கள் அலுவலகம் பொறுப்பு. அலுவலருக்கு இடமாற்றம் கிடைத்தால் அவருடைய பையோடு அது போகக் கூடாது.

இப்போது வெள்ளச் சேத விபரமும் வாட்ஸப்பில்தான் போகிறது. நாளைக்கு ஆள் மாறினால் அந்தப் போட்டோக்களும் சொந்தப் போட்டோ ஆகிவிடுமா? செல்லடிக்குள் தொலைந்த கடதாசிக்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கொண்டுவரச் சொல்லி எங்கள் சனத்தை அலைக்கழித்த கந்தோர்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களே இல்லையென்பது எந்த நியாயம்?

சரி, கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். கேட்பது இதுதான்: கடமைக்காக எழுதிய கொப்பியையும் எடுத்த படத்தையும் அரச ஆவணமென்று ஏற்றுக்கொள்ளுங்கள். இடமாற்றத்தின்போது அவற்றை எழுத்தில் பாரமெடுங்கள். பெரியம்மாவின் மேன்முறையீடு இப்போது, அதை முதலில் விசாரிக்க வேண்டிய குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் இருக்கிறது. அதைத் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு வரை இழுக்காமல், அந்தக் கொப்பியைத் தேடி எடுத்து, அவர் ஒப்பமிட்ட பக்கத்தின் பிரதியைக் கொடுக்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு பெறாமகள்