கால்வாயில் எத்தனை நாள் நீர் ஓடும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக் கால்வாய் வந்துவிட்டால் செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிறையும், மீன் வளம் பெருகும், சிறு நீர்மின் நிலையங்களும் படகுத் துறைகளும் அமையும் என்று எங்கள் பகுதியில் பலரும் ஆவலோடு பேசுகிறோம். ஆனால் 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் பற்றிய பேச்சில் நொடிக்கு 6,300 கன அடி என்ற கொள்ளளவு அடிபடும் அளவுக்கு, அந்த நீர் ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கும் என்ற கேள்வி எழுவதில்லை.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 6,300 கன அடி ஒரு நாள் முழுவதும் ஓடினால் அரை டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். 10 நாள் ஓடினால் ஐந்தரை டி.எம்.சி. கூட வராது, 50 நாள் ஓடினால் 27 டி.எம்.சி. கிடைக்கும். மாயனூர் கதவணையிலிருந்து எடுக்கப்போவது காவிரியின் வெள்ள உபரி. மேட்டூர் அணை 2018, 2022 ஆண்டுகளில் நிரம்பி வழிந்தது. 2023இல் நிரம்பவே இல்லை. இவற்றைக் கூட்டி வகுத்து வரும் சராசரியை நம்பி எதையும் கட்டிவிட முடியாது.

நம் நாட்டில் பாசனத் திட்டங்களை 75 விழுக்காடு நம்பகத்தன்மையிலும் நீர்மின் திட்டங்களை 90 விழுக்காட்டிலும் கணக்கிடுவது வழக்கம். பத்தில் ஒன்பது ஆண்டுகள் உறுதியாகக் கிடைக்கும் நீருக்குத்தான் மின்னாக்கி வைப்பார்கள் என்றால், வெள்ள உபரியை மட்டுமே நம்பிய கால்வாயில் மின்சாரத்தை எதிர்பார்ப்பதற்கு முன் நன்கு யோசிக்க வேண்டும்.

மீனுக்கோ மொத்த அளவைவிடக் காலம் முக்கியம். புதுவெள்ளம் வரும்போதுதான் கெண்டையும் கெளுத்தியும் வரத்துக்கால்களில் எதிரேறி முட்டையிடுகின்றன. அதன்பின் குஞ்சுகள் வளரும் மாதங்களில் கண்மாயில் நீர் நிற்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு வாரம் பாய்ந்து நின்றுவிடும் நீரும் ஐப்பசி மழையோடு சேர்ந்து தை வரை தங்கும் நீரும் ஆண்டுக் கணக்கில் ஒரே எண்ணாகத் தெரியலாம். மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. கோடையில் ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாவும், வேட்டங்குடிக்கு வலசை வரும் பறவைகளும் இந்தக் கால ஒழுங்கை நம்பியே இருக்கின்றன. நம் ஊர்களின் பொழுதுபோக்கு என்று நான் கருதுவது இவற்றைத்தான். படகுச் சவாரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே மாயனூரில் கடந்த ஆண்டுகளில் நாள்தோறும் ஓடிய நீரின் அளவை, எந்த அளவு எத்தனை நாள் நீடித்தது என்று வரிசைப்படுத்தி, நீர்வளத்துறை தமிழில் வெளியிட வேண்டும். மணிமுத்தாறு, தேனாறு போன்ற நம் சிற்றாறுகளின் ஓட்டத்தையும் அவ்வாறே அளந்து அதனுடன் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் அவை தாமே கண்மாய்களை நிரப்பிவிடும் நாட்களில் கால்வாய் நீருக்கு இடம் இருக்குமா என்பது அப்போதுதான் தெரியும். தெற்கு வெள்ளாற்றிலிருந்து வைகை வரையிலான இரண்டாம் கட்டப் பணி நம் பகுதியை எட்டுவதற்கு முன்பே இந்த விவரங்கள் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் குறைதீர்க் கூட்டங்களில் வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவகோட்டை.