முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

மடத்திலிருந்து உன் கடிதம் வந்தது. அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். பிறகு நான் தனியாக எடுத்துப் படித்தேன். மதர் சுகம், கன்னியராவதற்குக் கூடப் பயிற்சியில் இருக்கிற நொவிஸ்கள் சுகம், தியானம் நன்றாக நடந்தது, அடுத்த மாதம் கடவுளுக்கு நீ கொடுக்கப்போகிற முதல் வார்த்தைப்பாடு. நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் அதில் இல்லை. கடைசியில் ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தாய், உன் துணியெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டோமா என்று.

கொடுக்கவில்லை. அலமாரியில் உன் தட்டு அப்படியே இருக்கிறது. நீலச் சுடிதாரில் கையோரம் தையல் விட்டிருந்தது, பிரித்துத் திரும்பத் தைத்து மடித்து வைத்தேன். நீ எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்க மாட்டேன். கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். சொல்லாதவரை அங்கேயே இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. விடியற்காலையில் செபத்துக்கு எழுந்திருக்கிறவள் இராத்திரி விழித்துக்கொண்டு கிடக்கக் கூடாது. உங்களைப் பயிற்றுவிக்கிற நொவிஸ் மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் மனம்விட்டுப் பேசு.

தம்பி பரீட்சை எழுதிவிட்டான். பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து தெளிவாகப் பார்க்கிறார். மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான்.

சொத்து விஷயமாக நீ அனுப்பிய தாளைப் பார்த்தோம். நிர்வாகத்தைத் தம்பி பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறாய். நல்லது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அப்படி யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பார்த்துக்கொள்கிற பொறுப்புதான் அவனுக்கு, பங்கு உன்னுடையதுதான். உயில்கூட, ஆயுளுக்கும் கொடுக்கிற நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதினால் போதுமாம். அதனால் இப்போதே எல்லாவற்றையும் கைகழுவ வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தைச் சாமியாரிடம் இரவல் வாங்கி, துறவறம் பற்றிய பகுதியை உட்கார்ந்து படித்தேன். நொவிஸாக இருக்கிற நவதுறவு 12 மாதம் கட்டாயம், 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. பிறகு எடுக்கிற தற்காலிக வார்த்தைப்பாடு 3 வருடத்துக்குக் குறையாமல், 6 வருடத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் 9 வருடம்வரை நீட்டிக்கலாம். அதற்கப்புறம்தான் நித்தியமானது. இவ்வளவு படி எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவசரப்பட வேண்டாம் என்பதற்காகத்தானே? நவதுறவி எப்போது வேண்டுமானாலும் தன் விருப்பப்படி போகலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தகுதி பற்றிச் சந்தேகம் இருந்தால் நவதுறவை 6 மாதம்வரை நீட்டலாம் என்றும் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று நீ கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. கடும் பயத்திலோ வற்புறுத்தலிலோ கொடுத்த வார்த்தைப்பாடு செல்லாது என்று சட்டமே சொல்கிறது.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நீ வெள்ளை உடுப்பில் நின்ற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. உன் திருமுழுக்குச் சான்றிதழையும் உறுதிபூசுதல் சான்றிதழையும் நானே நின்று வாங்கி மடத்துக்கு அனுப்பினேன். கடவுள் கேட்டால் இல்லை என்று சொல்கிறவள் இல்லை உன் அம்மா.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றில் கீழ்ப்படிதல்தான் உனக்குச் சிரமமாக இருக்கும் என்று பெரியத்தை சொன்னார். என் பயம் வேறு. உனக்கு முடியாது என்று சொல்ல வராது. காய்ச்சலில் உடம்பு கொதிக்கக் கொதிக்கப் பாடற்குழுவில் நின்று பூசை முடியும்வரை பாடினாயே, யார் கேட்டாலும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றாயே. இந்தக் கடிதத்திலும் அந்த ஒன்றுமில்லைதான் எனக்குக் கேட்கிறது. மடத்து மேலாளர்கள் உன் மனதைத் திறந்து காட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் நீயாக வாயைத் திறந்தால்தான் அவர்களுக்குத் தெரியும். சிஸ்டரிடம் பேசு.

பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை தெரேசாவை எல்லாருக்கும் தெரியும், 1888-ல் 15 வயதில் கார்மேல் மடத்துக்குப் போனவர். அவருடைய அக்கா லெயோனியைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் சொன்னார்களா? அந்த வீட்டில் ஐந்து பெண்களும் கன்னியராகப் போனார்கள். ஆனால் லெயோனி மட்டும் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முதல் இரண்டு தடவை அப்பா வீட்டுக்கு வந்தார். அப்பா இறந்த பிறகு மூன்றாவது தடவை மாமா வீட்டுக்கு வந்தார். 1899-ல் பிரான்சிலேயே கான் (Caen) நகரத்து விசிட்டேஷன் சபை மடத்தில் திரும்பச் சேர்ந்து, 1941-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவர் திரும்பி வந்ததால் அந்தக் குடும்பத்துக்கு என்ன குறைந்துவிட்டது? அப்பா அம்மா இரண்டு பேரையும் 2015-ல் புனிதர்களாக அறிவித்தார்கள். லெயோனியையும் புனிதராக்குவதற்கான வேலையை அதே வருடம் தொடங்கினார்கள்.

மனசு வலிக்கிறது என்பதற்காக அழைத்தல் இல்லை என்றும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின் நாட்டுப் புனிதை அவிலா தெரேசாவே மடத்துக்காக அப்பா வீட்டை விட்டுப் போனபோது எலும்பெல்லாம் கழன்று போகிற மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறார். வலி எதனால் வருகிறது என்று உனக்குத்தான் தெரியும். எங்கள் முகத்துக்காக மட்டும் எதையும் செய்யாதே. அப்பா கோயிலில் எல்லாரிடமும் தேதி சொல்லிவிட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அது உன் கவலை இல்லை. நன்றாகத் தூங்கு. சிஸ்டரிடம் பேசு.

அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று அப்பா அவசரப்படுகிறார். உன் பதில் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். வழக்கம்போல எல்லாருக்கும் பொதுவாக எழுது. எனக்கு மட்டும் ஏதாவது சொல்ல இருந்தால் தனித்தாளில் எழுதி உள்ளே மடித்து வை. உறையை நான்தான் முதலில் பிரிப்பேன்.

அன்புடன்,
அம்மா