ஆஸ்பர்ன் மாளிகை: படத்தின் காலம் பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள ஆஸ்பர்ன் மாளிகையைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டும் கட்டுமான ஒப்பந்தக்காரர் தாமஸ் கியூபிட்டும் சேர்ந்து 1845 முதல் 1851 வரை எழுப்பிய இத்தாலியப் பாணி மாளிகை அது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியே. ஆனால், 'ஆல்பர்ட் கட்டி முடித்த நிலையில்' என்ற குறிப்புடன் அச்சாகியிருக்கும் பழைய புகைப்படம் அந்தக் காலத்தது அன்று. அதில் தர்பார் கூடம் அமைந்த பகுதி தெளிவாகத் தெரிகிறது. அது 1890-களின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. ஆல்பர்ட்டோ 1861 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

கண்ணை ஏமாற்றக்கூடிய படம்தான் அது. லாகூர் மேயோ கலைப்பள்ளியின் பாய் ராம் சிங், அப்பள்ளியின் தலைவர் ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் துணையோடு உருவாக்கிய அக்கூடத்தின் உட்புறம் முழுக்க முழுக்க இந்தியச் சுதை வேலைப்பாடு. கணப்படுப்பின் மேல் தோகை விரித்த மயில்கூட உண்டு. வெளிச்சுவரை மட்டும் பழைய கட்டடத்தோடு ஒட்டிப்போகும்படி இத்தாலியப் பாணியிலேயே எழுப்பிவிட்டார்கள்.

இந்த மாளிகையின் தொடக்ககாலப் புகைப்படங்களை நிதானமாகப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரு கோபுரங்களும், அவற்றின் உச்சியிலுள்ள வளைவுத் திறப்புகளும் அப்படங்களில் வெறும் வெள்ளை வானத்தை ஒட்டி நிற்கும். அது மூடுபனி அன்று; 1851-இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் தகடு (ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுக்கப்பட்ட கண்ணாடித் தகடு) நீல ஒளியை மிகையாகவும், மஞ்சளையும் சிவப்பையும் மிகக் குறைவாகவும் பதிவு செய்ததால், சுவரின் உருவம் தகட்டில் சரியாகப் பதிவாவதற்குள் வானம் முழுவதும் வெளுத்துவிடும். இறவாரத்தின் நிழல் மை கொட்டியதுபோல் கறுத்து விழ, கட்டடம் கனத்த கல்மாளிகையாகத் தோன்றும். உண்மையில் அது செங்கல் சுவர். இங்கிலாந்தின் பாத் நகரத்து இளமஞ்சள் கல்லைப்போல் தெரியவேண்டும் என்பதற்காக அதன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நேரில் பார்ப்பவருக்குப் பிடிபடக்கூடிய இந்த ஒப்பனை, நிறமில்லாத படத்தில் பிடிபடாமலே போய்விடுகிறது.

புகைப்படக் கலைஞர் லியோனிடா கால்டெசி 1857 மே மாதம் அங்கே எடுத்த புகைப்படத்தைத் தாங்கள் வெளியிட்டிருக்கலாம். மாளிகையை ஒட்டிய திறந்தவெளி மேடையில் அரச தம்பதியர் தம் ஒன்பது பிள்ளைகளுடன் இருக்கும் படம் அது. மகாராணியின் கையிலுள்ள குழந்தை பியாட்ரிஸ் அந்த ஏப்ரலில்தான் பிறந்தாள் என்பதால், குறிப்பு ஏதும் இல்லாமலே படத்தின் காலத்தைக் கணித்துவிடலாம். எல்லாப் படங்களுக்கும் இப்படி ஒரு குழந்தை கிடைக்காது என்பதால்தான், பழைய கட்டடங்களின் புகைப்படங்களை வெளியிடும்போது எடுத்தவர் பெயரையும் ஆண்டையும், ஆண்டு தெரியாவிடில் தோராயமான காலத்தையும் தவறாமல் அச்சிட வேண்டுகிறேன். ஞாயிறு இணைப்பில் வந்த படக்குறிப்புக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மதுரை