எட்சியோவின் பாராசூட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாற்றுப் பின்னணி கொண்ட வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு பத்தியோடுதான் எனக்குச் சண்டை. 'அசாசின்ஸ் கிரீட்: பிரதர்ஹுட்' விளையாட்டில் நாயகன் எட்சியோ ரோம் நகரக் கட்டடங்களின் உச்சியிலிருந்து பாராசூட்டில் இறங்குகிறான் அல்லவா? பாராசூட் பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு, அதை 1500-களின் ரோமில் நுழைத்தது காதில் பூ சுற்றும் வேலை என்கிறார் கட்டுரையாளர். கோபுர உச்சியிலிருந்து வைக்கோல் வண்டிக்குள் குதித்து, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நடக்கிற ஆளை ஒப்புக்கொண்டவர் பாராசூட்டுக்கு மட்டும் ஏன் முகம் சுளித்தாரோ தெரியவில்லை.

அவர் சொன்னதில் பாதி சரி. 1783-இல் லூயி செபாஸ்டியன் லெனார்மான் பிரான்சின் மான்பெலியே நகரில் வானாய்வுக் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டினார். 1797-இல் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகருக்கு மேலே பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். அவர் நின்ற கூடை ஊஞ்சலாய் ஆடித் தீர்த்துவிட்டது. ஆனால் யோசனை அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. 1470-களைச் சேர்ந்த ஒரு இத்தாலியக் கையெழுத்துப் பிரதி, யார் வரைந்தது என்று தெரியாதது, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கூம்பு வடிவத் துணியின் கீழே குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தொங்கும் படம் அதில் உண்டு. அந்தத் துணி ஆளைத் தாங்காது, அளவு அவ்வளவு சிறியது.

லியோனார்டோ டா வின்சி வரைந்தது 1485 வாக்கில். மிலனில் உள்ள அம்புரோசியானா நூலகத்தின் 'கோடெக்ஸ் அட்லான்டிகஸ்' தொகுப்பில் அந்தத் தாளைப் பார்க்கலாம். ஓரத்தில் சின்னதாக ஒரு பிரமிடு, அதன் கீழே குச்சி குச்சியாய்க் கைகால் வைத்த ஒரு மனிதன், அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள குறிப்புதான் முக்கியம்: துளைகள் அடைக்கப்பட்ட லினன் துணியில் அகலம் 12 பிராச்சா, உயரம் 12 பிராச்சா கொண்ட கூடாரம் இருந்தால் எந்த உயரத்திலிருந்தும் காயமின்றிக் குதிக்கலாம் என்கிறார். ஒரு பிராச்சா ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆக, பக்கத்துக்குப் பக்கம் 7 மீட்டர். முந்தைய ஓவியருக்குப் பிடிபடாத அளவு இவருக்குப் பிடிபட்டுவிட்டது. அவர் இதைச் செய்து பார்த்ததற்குச் சான்று கிடையாது. ஆனாலும் எட்சியோ ரோமில் திரியும் காலத்தில் அந்தப் படத்துக்குப் பதினைந்து வயதாவது ஆகியிருக்கும்.

எனவே கால விஷயத்தில் விளையாட்டைக் குறை சொல்ல முடியாது. கோட்டை விட்ட இடம் வேறு. அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

2000-ஆம் ஆண்டு ஜூனில் ஏட்ரியன் நிக்கலஸ் என்ற பிரிட்டிஷ்காரர், அந்தக் காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய மரத்தையும் துணியையும் வைத்தே லியோனார்டோவின் பாராசூட்டைச் செய்து, தென்னாப்பிரிக்காவில் சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து இறங்கினார். ஆடாமல் அசையாமல் இறங்கியது. ஆனால் அதன் எடை 85 கிலோ! தரையைத் தொட்டதும் அந்த மரச்சட்டம் தலையில் விழுந்து நசுக்கிவிடுமே என்று, 600 மீட்டர் வாக்கில் அதைக் கழற்றிவிட்டு நவீன பாராசூட்டில் தரையிறங்கினார். 2008-இல் சுவிட்சர்லாந்தின் ஒலிவியே வியெட்டி-தெப்பா அதே வடிவத்தை மரச்சட்டமே இல்லாமல், இன்றைய துணியில் தைத்து, 650 மீட்டரிலிருந்து குதித்து முழுக்க அதிலேயே பத்திரமாக இறங்கினார். வடிவம் சரி என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்காது.

இப்போது எட்சியோவைப் பாருங்கள். மரச்சட்டம் இருந்தால் பாராசூட்டின் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். குதித்த கணமே காற்று நிரம்பத் தொடங்கிவிடும், விரிவதற்கென்று தனியாக உயரம் வேண்டாம். தாழ்ந்த கூரைக்குக்கூட அது தோது. ஆனால் 7 மீட்டர் சட்டத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டுக்கூரைகளில் தாவுவதாவது! சட்டத்தை எடுத்துவிட்டால் மடித்து வைத்துக்கொள்ளலாம், ஓடலாம். அப்புறம் துணி விரிய உயரம் வேண்டும். 20 மீட்டர் கூரையிலிருந்து குதித்தால் தரை வர இரண்டு விநாடிதான். அதற்குள் மடித்த துணி பிரிந்து, காற்று புகுந்து, வேகமும் குறைய வேண்டுமென்றால் நடக்கிற காரியமா? இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். விளையாட்டோ இரண்டையும் வைத்துக்கொள்கிறது. எட்சியோ பல பாராசூட்டுகளைச் சுமந்தபடி ஓடுகிறான், கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை, பட்டனைத் தட்டியதும் பளிச்சென்று விரிகிறது. தரையிறங்கும் வேகமும் அப்படித்தான். நிக்கலஸ் செய்த பாராசூட்டின் எடையோடு ஓர் ஆளும் சேர்ந்தால், என் கணக்கில் விநாடிக்கு 7 மீட்டருக்குக் குறையாது. இரண்டரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். சாகமாட்டான், கணுக்கால் பிசகலாம்.

இதையெல்லாம் விளையாட்டைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாராசூட்டை அவர்கள் கதையில் வைத்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்த எடுப்பில் அது கைக்கு வருவதில்லை. கதையின் வில்லன்களான போர்ஜியா குடும்பத்தார் மிரட்டி லியோனார்டோவைச் செய்ய வைத்த போர் இயந்திரங்களை, டாங்கி, குண்டுவீசும் பறக்கும் பொறி என்று ஒவ்வொன்றாகத் தேடி அழித்த பிறகுதான் அவர் பாராசூட்டைத் தருகிறார். கொல்லும் கருவிகளை ஒழித்தவனுக்குக் கிடைக்கும் பரிசு, விழாமல் காப்பாற்றும் கருவி. வரலாற்றிலும் இதற்கு ஒரு கொக்கி இருக்கிறது: 1502-இல் லியோனார்டோ உண்மையாகவே அந்தக் குடும்பத்துச் செசாரே போர்ஜியாவிடம் ராணுவப் பொறியாளராக வேலை பார்த்தார். மிரட்டலெல்லாம் கதாசிரியர்களின் கைச்சரக்கு.

உங்கள் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதி, எட்சியோவின் அடுத்த விளையாட்டான 'ரெவலேஷன்ஸ்' பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். கதை கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்), 1511-இல் நடக்கிறது. அங்கே கலாட்டா கோபுர உச்சியிலிருந்து பாராசூட்டில் நேராகத் தங்கக் கொம்பு நீர்ப்பரப்பில் போய் இறங்கினால் அதற்கென்றே விளையாட்டில் ஒரு விருது உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அதே கோபுரத்திலிருந்து ஹெசார்ஃபென் அகமது செலெபி இறக்கை கட்டிக்கொண்டு பாஸ்பரஸ் நீரிணையைத் தாண்டிப் பறந்ததாகப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்தக் கோபுரத்தைச் சும்மா தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையாளர் இதையும் கொஞ்சம் தோண்டி எழுதினால் நன்றாக இருக்கும். இடம் இருந்தால் லியோனார்டோவின் அந்தச் சின்னப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்