மூன்று மணிக்கு முழிப்பு வந்தால்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்ற ஒரே பதில்தான் வருகிறது. பின்னாலேயே குக்கர் விசில், சின்னவன் அழுகை, அப்புறம் "வைக்கிறேம்மா". அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு மெதுவாகப் படி.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு மாரடைப்பு வந்த பிறகு புனேயில் உன் வீட்டில் நாற்பது நாள் இருந்தேனே, அதில் மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். நீ சமையலறைத் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். ஃபிரிட்ஜ் கதவு பாதி திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாய். மணி மூன்று பத்து. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். அதில் பதினோரு வருஷம் நெஞ்சுவலி வார்டில். ராத்திரியில் முழித்துக் கிடக்கிற நோயாளியை ஒருநாளும் அப்படித் தாண்டிப் போனதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பெற்ற மகளிடம் அதைச் செய்யவில்லை. கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் என்னால் தாங்க முடியாது என்று பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் "மாத்திரை போட்டியா" என்று மட்டும் கேட்டேன். அந்த ராத்திரி இன்னும் என் மனசில் கிடந்து அறுக்கிறது.

வார்டில் முதல் இரண்டு நாள் யாரும் அழமாட்டார்கள். ஊசி, மானிட்டர், சொந்தக்காரர்கள் என்று பொழுது போய்விடும். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கும். அறுபது வயதுக்காரர் "வந்துடுச்சு, என்ன செய்ய" என்று எழுந்து போய்விடுவார். முப்பத்தைந்து நாற்பதில் வந்தவர்கள்தான் தவித்துப்போவார்கள். 34 வயது லாரி டிரைவர் ஒருவர், நல்ல திடகாத்திரமான ஆள், இடது பக்கம் திரும்பிப் படுக்கவே மாட்டார். இதயம் நசுங்கிவிடுமாம். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. உன் பயமும் அதே பயம்தான் கண்ணு. உன் மனசு பலவீனமாகிவிட்டது என்று நினைக்காதே. நெஞ்சில் புண் ஆறுகிற மாதிரி இதுவும் ஆற வேண்டியது.

அன்றைக்கு நீ லேட்டாகப் போனதுதான் காரணம் என்று உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். இட்லி ஊற்றும்போதே தாடை வலித்தது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தது. வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்தாய். தெருமுனை கிளினிக்கிலும் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஈ.சி.ஜி. எடுக்கவே இல்லை. 37 வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே! இஞ்சி தட்டிப் போட்டுக் குடி என்றுதானே போனில் சொன்னேன்? உன் கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தது. பிரசவம் ஆனதும் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம், அதோடு மறந்துவிட்டோம். கர்ப்பத்தில் சர்க்கரையோ பிரஷரோ வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வர வாய்ப்பு அதிகம். அப்பாவின் வழியும் இருக்கிறது. வருஷா வருஷம் உனக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். குற்றம் என்று ஒன்று இருந்தால் அதில் என் பங்கையும் சேர்த்துக்கொள், எல்லாவற்றையும் நீயே சுமக்காதே. தம்பியை ரத்தத்தில் கொழுப்பு பார்க்கிற லிப்பிட் டெஸ்ட் எடுக்க வைத்துவிட்டேன்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 1996-ல் அவருக்கு மாரடைப்பு வந்தபோது வயது 46, உனக்கு எட்டு. இன்று உன் பெரியவளுக்கும் எட்டு. நீ ராத்திரியில் என்ன கணக்குப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

அப்போது எங்களிடம் இருந்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான். 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏற்றுவோம், குழாயை அடைத்த ரத்தக் கட்டி கரைந்தால் உண்டு. அப்பாவுக்கு என் கையாலேயே ஏற்றினேன். கரையவில்லை. உனக்கு அப்படி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் குழாயைத் திறந்து, அது மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாயை வைத்துவிட்டார்கள். நீ ராத்திரி போடுகிற ஸ்டாட்டின், அந்தக் கொழுப்பு குறைக்கிற மாத்திரை, அந்தக் காலத்தில் எங்கள் வார்டுக்கே வந்ததில்லை. உலகத்திலேயே முதன்முதலாகப் பலூன் வைத்து இதயக் குழாயைத் திறந்தது 1977 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில். அந்த நோயாளிக்கு வயது 38. 23 வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவருக்குத் திறந்த இடம் திறந்தே இருந்தது. அவருக்கு வைத்தது வெறும் பலூன், ஸ்டென்ட்கூட இல்லை. அப்பாவின் கணக்கை உன் மேல் போடாதே.

சின்னவன் ஓடி வந்து மேலே விழுந்தால் கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோகிறாய். அவன் என்னிடம் கேட்டான், "பாட்டி, அம்மாவோட ஸ்பிரிங் கழண்டுடுமா?" கழலாது. சில மாதத்தில் குழாயின் உள்தோல் அதன் மேல் வளர்ந்து மூடிவிடும். அவன் சாயட்டும், கட்டிக்கொள்.

சுருக்கென்று குத்துவது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற வலி இதெல்லாம் பெரும்பாலும் இதயத்தில் இருந்து வருவதில்லை. அன்றைக்கு வந்த மாதிரி அழுத்தமும் வியர்வையும் வந்தால் உடனே உட்கார்ந்து, நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வை. ஐந்து நிமிஷத்தில் அடங்கவில்லை என்றால் 108. எதுவென்று புரியாவிட்டாலும் போய்விடு, ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

உடம்பு அசதிக்குப் பாதிக் காரணம் மெட்டோபிரலால். அது நாடித்துடிப்பை ஏற விடாது, அதனால் மாடி ஏறினால் கால் கனக்கும். திடீரென்று மூச்சு பற்றாத மாதிரி இருக்கிறது என்றாயே, ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற டிகாக்ரெலார் மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. டாக்டரிடம் சொல், அவர் பார்த்து மாற்றுவதானால் மாற்றட்டும். நீயாக ஒரு வேளைகூட விடாதே, பல் பிடுங்கப் போனாலும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதே. ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற மாத்திரையால் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம். அதை அந்த ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு நீ விட்டிருப்பாய். சொல், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்.

மாப்பிள்ளை ஹாலில் படுக்கிறார், உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று. பாவம், அவருக்கும் பயம். இரண்டு மாடி மூச்சு இரைக்காமல் ஏற முடிந்தால் புருஷன் பெண்டாட்டியாக இருப்பதில் பொதுவாக ஒரு தடையும் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போதும். அம்மா எழுதுகிறாளே என்று நினைக்காதே, நர்ஸ் எழுதுகிறாள்.

நடையை விடாதே. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. நான் தினமும் விடிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று சுற்றுகிறேன். அந்த நேரத்தில் நீயும் அங்கே கிளம்பினால் போனில் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம். தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் இன்னும் கொஞ்ச நாள் உன் கையில் வேண்டாம். எழுந்து நடமாடுகிறாய் என்றதும் எல்லோரும் உனக்குக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் இல்லாமல், காரணம் இல்லாமல் அழுகை வந்தால் அதை இதய டாக்டரிடமே சொல். மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, இதய நோயாளிக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரையும் இருக்கிறது. யாரிடமாவது தமிழில் பேச வேண்டும் போல இருந்தால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பேர், காசு கிடையாது. எனக்கு முன்னால் அவர்களிடம் பேசினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

பார்சலில் பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இருக்கிறது, உப்பு போடாமல் அரைத்தது. ஊறுகாயும் அப்பளமும் அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போன எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிற அளவு 45 சதவீதம் வந்தது, மூன்றாம் மாத எக்கோ அடுத்த மாதம். டிக்கெட் போட்டுவிட்டேன், உள்ளே உன்னோடு நானும் வருவேன்.

எனக்கு நைட் டூட்டிப் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று மணிக்கு முழித்துத்தான் கிடக்கிறேன். உனக்கும் முழிப்பு வந்தால் தரையில் தனியாக உட்காராதே, எனக்கு போன் போடு. பேச வேண்டும் என்றில்லை, அழுதாலும் சரி. நானும் இங்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் அம்மா