கத்திரி வெயிலும் முட்டையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கமுங்க.

போன வாரம் மட்டும் நாலு வீட்டுக்காரர்கள், "ஏனுங்க, உங்க கடை முட்டை ரெண்டே நாள்ல கெட்டுப்போச்சே" என்று கேட்டுவிட்டார்கள். நாமக்கல் பண்ணை முட்டை ஈரோட்டுக்கு வர நேரம் அதிகம் பிடிப்பதில்லை. கடையில் உடைத்துப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் விசாரித்தால், நாலு பேரில் மூன்று பேர் வீட்டுக்குப் போனதும் முட்டையைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

அதை மட்டும் செய்யாதீங்க. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கோழி இடும்போதே அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று படிந்து, துளைகளை அடைத்துக்கொள்கிறது. தேய்த்துக் கழுவினால் அது போய்விடும். போதாததற்கு, வெயிலில் சூடேறி வந்த முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உறிஞ்சிவிடும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவியே ஆகவேண்டும் என்றால் அடுப்பில் வைக்கிற நேரத்தில் கழுவுங்கள்.

நாலாவது வீட்டுக் கதை வேறு. அவர்கள் வாங்கியது நாட்டுக்கோழி முட்டை. பண்ணையில் முட்டைக்கோழிகளோடு சேவல் கிடையாது, அதனால் அந்த முட்டையில் குஞ்சாகும் கரு இல்லை. தோட்டத்தில் மேயும் கோழிக்குப் பக்கத்தில் சேவலும் திரியும். குஞ்சு பொரிக்கும் மெஷினில் வைக்கிற சூடு 37.5 டிகிரி. மே மாதத்தில் நம்ம சமையலறையும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது! மேடையில் நாலு நாள் கிடந்தால் கரு வளர ஆரம்பித்து, உடைக்கும்போது ரத்த நரம்பு தெரியும். பாதியில் செத்துப்போனால் கூமுட்டைதான். எங்கள் அமுச்சி (பாட்டி) மண்சட்டியில் தவிட்டைக் கொட்டி, கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி முட்டையைக் குத்திவைத்து, சட்டியை ஈரமணல் மேல் இருட்டு மூலையில் வைப்பார். மழுங்கிய பக்கத்தில் காற்றறை இருக்கிறது. அது மேலே இருந்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். ஃப்ரிட்ஜிலும் அப்படியே வைக்கலாம்.

ஃப்ரிட்ஜ் என்றால் கதவுத் தட்டில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அனல் அடிக்கும். உள்தட்டில், மூடிய டப்பாவில் வையுங்கள். ஒருதடவை குளிர்ந்ததை வெளியே எடுத்து வைத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரம் கிருமிக்கு வழிவிடும். வேண்டியதை மட்டும் எடுத்து உடனே சமையுங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இந்த வெயிலில் ஆஃப் பாயில் வேண்டாமுங்க.

சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தால் புதுசு, எழுந்து நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. இது முட்டையின் வயதைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. அதையும் சமைக்கும் முன்னால்தான் பார்க்கவேண்டும், நனைத்ததைத் திரும்ப எடுத்துவைக்கக் கூடாது. பழசு என்றாலே மோசம் என்றும் நினைக்காதீங்க. பிரியாணிக்கு அவித்து உரிக்க, ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருந்ததுதான் தோலோடு சண்டை போடாமல் வரும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகள் 30 முட்டை அட்டை வாங்கவேண்டாம். ஆடி பிறக்கும்வரை ஆறு ஆறாக வாங்கினாலும் அட்டை விலைக்கே போட்டுத் தருகிறோம்.

கெட்ட முட்டை கிடைத்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மாற்றித் தருவோம். சாட்சிக்கு முட்டையைக் கொண்டுவர வேண்டாம், வாய்ச்சொல்லே போதும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்ததில் அரைநாள் வியாபாரம் போச்சுங்க.

இப்படிக்கு,
உங்கள் முட்டைக்கடை, ஈரோடு